விளைச்சலுக்குக் காரணம் விதையா, கிணறா?

நன்மை விளைந்திருக்கிறது என்று காண்பது எளிது. அந்நன்மை எதனால் விளைந்தது என்று துணிவது அரிது. நம் கூட்டுறவுச் சங்கங்களின் நிருவாகக் குழுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. இன்ன விதையை வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்கலாம். இன்ன உரத்துக்குக் கடன் கொடுக்கலாம். பாவுக்கு இன்ன கஞ்சியே ஏற்றது. இவ்வாறெல்லாம் முடிவு செய்யப்படுகின்றது. இம்முடிவுகளுக்கு ஆதாரமாகக் கூறப்படுவது பெரும்பாலும் ஒரே வகைச் சான்றுதான். “போட்டவர்களுக்கு நன்றாக விளைந்தது, போடாதவர்களுக்கு அவ்வளவு விளையவில்லை” என்பதே அது. இச்சான்று போதுமா? போதாது என்பது நம் கருத்து. ஏன் போதாது, அதனைப் போதியதாக்குவதற்குச் சங்கங்கள் செய்யவேண்டுவது யாது என்பதை உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியை அறியாதார் இலர். காக்கை அமர்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்பதே ஆராயத்தக்கது. பழமொழி அளவில் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், பணம் செலவிடும் நேரத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இது நடந்ததன்று, விளக்கத்திற்காகக் கற்பித்துக்கொண்டது. நல்லம்பள்ளி வட்டாரத்தில் நிலக்கடலை பயிரிடுவோர் நாற்பது பேர்; ஆளுக்கு ஓர் ஏக்கர். சங்கம் புதிய விதையை 20 பேருக்குக் கொடுக்கிறது. மற்ற 20 பேர் பழைய விதையையே விதைக்கின்றனர். அறுவடையானபின் புதிய விதைக்கு ஏக்கருக்குச் சராசரி 8¾ மூட்டையும், பழைய விதைக்கு 6¼ மூட்டையும் கண்டன. ஏக்கருக்கு 2½ மூட்டை மிகுதி! மறு ஆண்டு எல்லோருக்கும் புதிய விதையே என்று தீர்மானம் எழுத இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் நிலங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து வருவோம். புதிய விதையை வாங்கிய 20 பேரில் 15 பேர் கிணறு உடையவர்கள், ஐவரே மானாவாரிக்காரர்கள். பழைய விதையை விதைத்தவர்களில் ஐவருக்கே கிணறு உண்டு. மற்றப் பதினைவரும் வானத்தை நம்பியவர்கள். கிணற்றுப் பாசனத்தில் எந்த விதைக்கும் 10 மூட்டை விளைந்தது. மானாவாரியில் எந்த விதைக்கும் 5 மூட்டைதான் விளைந்தது. கூட்டிப் பாருங்கள். புதிய விதைக்கு 150-உம் 25-உம் சேர்ந்து 175 மூட்டை. பழைய விதைக்கு 50-உம் 75-உம் சேர்ந்து 125 மூட்டை. இருபதால் வகுத்தால் அதே 8¾, அதே 6¼. விதை ஒரு மணியும் கூட்டித் தரவில்லை. கிணறு தந்ததை விதையின் பெயரில் வரவு வைத்துவிட்டோம்! கணக்குப் புத்தகத்தில் ஒருவர் செலுத்திய தொகையை இன்னொருவர் பெயரில் எழுதினால் அதனைத் தவறு என்று உடனே காண்கிறோம். இந்தத் தவறும் அதே இனத்தது. அளவில் அதனினும் பெரிது.

இவ்வாறு, நாம் சோதிக்கும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து, விளைவைத் தானே தந்துவிட்டு, புகழை அதற்குக் கொடுத்துவிடும் மற்றொரு காரணத்தை ‘உடன்வரு காரணம்’ என்று அழைப்போமாக. அறிவியல் ஆராய்ச்சியிலும் புள்ளிவிவரக் கணக்கிலும் முதன்மையான வேலை இந்த உடன்வரு காரணத்தைக் கண்டு விலக்குவதேயாகும்.

இது எவ்வாறு நுழைகிறது? எவரும் ஏமாற்ற எண்ணுவதில்லை. நல்லெண்ணத்தின் வழியாகவே நுழைந்துவிடுகிறது. புதிய விதையைத் துணிந்து வாங்குபவர், இழப்பு வந்தால் தாங்கக்கூடியவர். அவருக்குக் கிணறும் இருக்கும், எருவும் இருக்கும், களையெடுக்க ஆளும் இருக்கும். செயல்விளக்க வயலுக்கு இடம் தேடும்போது, சாலையோரத்தில், பலர் கண்ணிலும் படக்கூடிய, நன்றாகப் பராமரிக்கப்பட்ட நிலத்தையே தேர்ந்தெடுக்கிறோம். தொப்பூர்க் கணவாய்ப் பக்கத்துக் கல்லாங்கொல்லையை எவரும் தேடிச் செல்வதில்லை. சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிடுவோரோ, இடையில் மழை மாறியதை மறந்துவிடுகின்றனர். நம் பக்கத்தில் ஓர் ஊரில் பெய்த மழை அடுத்த ஊரில் பெய்வதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தறியிலும் இதுவே நிலை. ஒரு சங்கம் சித்திரையில் பழைய கஞ்சியைப் போட்ட பாவில் இழை அறுவதைக் கண்டு, ஐப்பசியில் புதிய கஞ்சிக்கு மாறியது என்று கொள்வோம். இழை அறுதல் குறைந்தது. புதிய கஞ்சியின் சிறப்பென்று மகிழ்கிறோம். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் பருத்தி நூல் வலுப்பெறும். வறண்ட காற்றில் எளிதில் அறும். குழித்தறியில் அமர்ந்து நெய்யும் முதியோர் இதனை ஏட்டிற் படியாமலே அறிவர். ஐப்பசி மழை செய்த உதவிக்குக் கஞ்சிப்பொடி வணிகர் விலை பெற்றுக்கொள்கிறார்!

இத்தகைய தவறு ஊர்ப்புறத்தார்க்கே உரியதென்று எவரும் கருதவேண்டுவதில்லை. 1930-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் லானார்க்ஷயர் பகுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி மிகுமா என்று அறிய ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. பிள்ளைகள் 20,000 பேர். பதினாயிரவருக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை நாள்தோறும் பால் கொடுக்கப்பட்டது; மற்றப் பதினாயிரவருக்குக் கொடுக்கப்படவில்லை. யாருக்குப் பால் என்பதைச் சீட்டின் வழியோ பெயரின் அகரவரிசை வழியோ பிரித்தனர். ஆனால் ஒரு பக்கத்தில் மெலிந்த பிள்ளைகளோ செழித்த பிள்ளைகளோ மிகுந்துவிட்டதாகத் தோன்றினால், மாற்றியமைக்கும் உரிமை ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆசிரியர்களும் மனிதர்களன்றோ! மெலிந்த பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று இரங்கிவிட்டனர். அதனால், சோதனை தொடங்கிய நாளிலேயே பால் பெறாத பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் மிகுந்திருந்தனர்.

மறு ஆண்டே இதனை எடுத்துக்காட்டியவர் ‘மாணவர்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் காசெட் என்னும் அறிஞர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றி, பார்லிப் பயிர்ச் சோதனைகளில் பழகியவர் அவர். அவர் சுட்டிய மற்றொரு குறை நெசவாளர்களுக்குச் சுவையாக இருக்கும். பிள்ளைகளை உடுத்த உடையோடே எடை போட்டனர். பிப்ரவரி குளிர்காலம், ஜூன் கோடைக்காலம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை குளிர்காலத்தில் கனத்த கம்பளி உடுத்துக் கோடையில் அதனைக் களைந்துவிடும். ஏழைப் பிள்ளைக்கோ இரு காலத்துக்கும் ஏறக்குறைய ஒரே உடை. ஆகவே வசதியுள்ள பிள்ளையின் எடை ஏறியது குறைவாகவும், ஏழைப் பிள்ளையின் எடை ஏறியது மிகுதியாகவும் தராசு காட்டும். பாலின் பயனை அளக்கப் போன தராசு துணியின் கனத்தையும் சேர்த்து நிறுத்துவிட்டது!

இருபதாயிரம் பேரைக் கொண்டு செய்ததைவிட, ஒரே உருவினராகிய இரட்டைப் பிள்ளைகள் 50 இணையரைக் கொண்டு செய்திருந்தால் நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்று காசெட் எழுதினார். இது ஊன்றி நோக்கத்தக்கது. தொகை பெருகுவதால் மட்டும் தவறு நீங்காது. ஒருபுறம் சாய்ந்த தராசில் நூறுமுறை நிறுத்தாலும் நூறுமுறையும் அதே சாய்வுதான்.

உழவருக்கு இரட்டைப் பிள்ளை ஏது? உண்டு. ஒரே வயலின் இரு பாதிகளே அவை. மண் ஒன்று, மழை ஒன்று, கிணறு ஒன்று, உழுத ஏர் ஒன்று, உழைத்த கையும் ஒன்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் இந்த வழியை ஒழுங்குபடுத்தினார். அடுத்தடுத்த பாத்திகள் பெரும்பாலும் ஒத்திருக்கும், தொலைவிலுள்ளவை வேறுபடும். ஆகவே நிலத்தைச் சிறு சிறு தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் சோதிக்கும் விதைகள் அனைத்தையும் இட வேண்டும். எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதை மனம்போல் முடிவுசெய்யாமல் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இவ்வாறே பல தொகுதிகளில் திரும்பச் செய்ய வேண்டும். 1935-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. நம் நாட்டில் மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகமும், வேளாண் ஊழியர்க்கென்று பான்ஸே, சுகாத்மே இருவரும் 1954-இல் வெளியிட்ட நூலும் இம்முறையைப் பரப்பின.

சீட்டுக்கு ஏன் இத்துணை மதிப்பு? நாம் அறிந்த காரணங்களை நாமே சமன்செய்துவிடலாம். கிணறுள்ளவரைக் கிணறுள்ளவரோடு ஒப்பிடலாம். அறியாத காரணங்களை என்ன செய்வது? மண்ணுக்கடியில் பாறை எங்கே இருக்கிறதென்று எவருக்குத் தெரியும்? சீட்டுக்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை; இரக்கமும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை. பலமுறை குலுக்கும்போது, அறிந்ததும் அறியாததுமான காரணங்கள் இரு பக்கத்தும் ஏறக்குறைய ஒத்துப் பங்காகிவிடும்.

இவையெல்லாம் ஆராய்ச்சியாளர் கவலை. நமக்கென்ன என்று கேட்போர்க்கு, நம் மாநிலத் தலைநகரில் நடந்த ஒன்றை நினைவூட்டுவோம். காசநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் தரும் நோய்விடுதியில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலொழியக் குணமாகாது என்று நெடுங்காலம் உலகமெங்கும் நம்பினர். விடுதிக்குச் சென்றவர் பலர் குணமடைந்ததும் உண்மையே. ஆனால் குணப்படுத்தியது எது? மருந்தா, ஓய்வா, உணவா, காற்றா? எல்லாம் ஒருங்கே சேர்ந்து வந்தமையால் பிரித்தறிய இயலவில்லை. பிரித்தறியாத வரையில் ஏழைக்குக் கதியில்லை. ஏனெனில் நாட்டிலுள்ள நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை தருவது ஆகாத காரியம்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதற்குத் துணைநின்றன. வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமை தாங்கினார். நகரத்து ஏழை மக்களிடையேயிருந்து வந்த 193 நோயாளிகளை, எவருடைய விருப்பத்துக்கும் இடங்கொடாத குலுக்கல் முறையில் இரு சாராராகப் பிரித்தனர். ஒரு சாரார் விடுதியில் தங்கினர். மறு சாரார் தம் வீட்டிலேயே இருந்தனர். இருசாரார்க்கும் அதே ஐசோனியாசிட், பாஸ் என்னும் மருந்துகள், அதே ஓராண்டு, அதே காலம். வீட்டிலிருந்தோர்க்கு உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. மருந்தை உண்மையாகவே உண்டனரா என்று அறிய முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் விடுதியில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். பின்னர் ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனித்தபோது இருசாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவியதாகவும் காணப்படவில்லை. குணமாக்கியதில் பெரும்பங்கு மருந்தினுடையது என்பது தெளிவாயிற்று. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டில் இருந்தபடியே மருந்துண்ணும் முறையை மேற்கொண்டது. மருந்துகள் இன்று மாறிவிட்டன. அந்நிலையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இன்றும் சென்னையில் இயங்குகிறது. ஓர் உடன்வரு காரணத்தைப் பிரித்தெடுத்ததனால் எத்தனை தாய்மார் பிள்ளைகளைப் பிரியாமல் மருந்துண்டனர் என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால் உணவு பயனற்றது என்று எவரும் கொள்ளலாகாது. நோயுற்றவர் குணமடைய விடுதி வேண்டுமா என்பது ஒரு கேள்வி. நோயாளியின் வீட்டார்க்கு ஊட்டம் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் தடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் தனியே எழுப்பி, நோயாளிகளின் வீட்டார் 10,345 பேரிடையே, மீண்டும் குலுக்கல் முறையிலேயே சோதித்தனர். உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் நோய் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-இல் முடிவு வெளியாயிற்று. காரணங்களைக் கட்டாகக் கட்டி வைத்தால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொன்றாகப் பிரித்து வினவினால் ஒவ்வொன்றும் விடை கூறும்.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். புதிய விதையோ உரமோ வாங்கப் பெருந்தொகை ஒதுக்குமுன், ஒரு பருவம் சிறு அளவில் சோதிக்கலாம். மேட்டுநிலத்தார், கிணற்றுப் பாசனத்தார், ஏரிக்கடியில் நிலமுடையார் என மூவகையிலும் சிலரைத் தேர்ந்து, ஒவ்வொருவர் வயலிலும் ஒத்த இரு துண்டுகளை அளந்துகொள்ள வேண்டும். எந்தத் துண்டுக்குப் புதியது என்பதை அங்கேயே சீட்டெடுத்து முடிவு செய்ய வேண்டும். எருவும் களையெடுப்பும் நீரும் இரண்டிற்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுவடையைத் தனித்தனியே காயவைத்து, ஒரே தராசில் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு பருவ மழையை நம்பாமல் மறு ஆண்டும் செய்து பார்ப்பது நன்று.

நெசவாளர் சங்கங்களில், ஒரே பேலிலிருந்து எடுத்த ஒரே எண் நூலில் பாவுகளை ஓட்டி, பாதிக்குப் பழைய கஞ்சியும் பாதிக்குப் புதிய கஞ்சியும் போட்டு, எந்தத் தறிக்கு எந்தப் பாவு என்பதைச் சீட்டால் முடிவு செய்யலாம்; அடுத்த பாவில் தறிகளை மாற்றிக்கொள்ளலாம். அறுந்த இழைகளை எண்ணுபவருக்கு எது எந்தக் கஞ்சி என்று தெரியாதிருத்தல் நலம். தெரிந்தால் கண் தன் விருப்பத்தையே காணும்.

இங்கே கூலியைப் பற்றியும் ஒரு சொல். துணியில் குறை கண்டவுடன் நெய்தவர் கூலியில் பிடித்தம் செய்வது வழக்கமாக இருக்கிறது. குறை கையினுடையதா, தறியினுடையதா, நூலினுடையதா? அதே நூலை வேறு தறிக்கும், வேறு நூலை அதே தறிக்கும் கொடுத்துப் பார்க்குமுன் இதற்கு விடை கிடையாது. விடை தெரியாமல் ஒருவர் கூலியைக் குறைப்பது கணக்கும் அன்று, நீதியும் அன்று.

சீட்டுக் குலுக்க இயலாத இடங்களும் உண்டு. “சங்கத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட வளமாக வாழ்கிறார்கள்” என்று மேடைகளில் முழங்குகிறோம். கூட்டுறவில் நமக்குள்ள பற்று எவருக்கும் குறைந்ததன்று. எனினும், சொந்தத் தறியும் வீட்டில் உழைக்கும் கைகளும் உள்ளவர்களே முதலில் சங்கத்தில் சேர்ந்திருந்தால், அந்த வளம் சங்கம் தந்ததா, முன்பே இருந்ததா? ஒரு தறி உள்ள உறுப்பினரை ஒரு தறி உள்ள உறுப்பினரல்லாதவரோடும், இரண்டு ஏக்கர்க்காரரை இரண்டு ஏக்கர்க்காரரோடும் வைத்து ஒப்பிட்டால் பாதி உண்மையாவது வெளிப்படும். அப்போதும் ஊக்கமும் துணிவும் ஏட்டில் ஏறாத காரணங்களாக எஞ்சும். ஆகவே அடக்கத்தோடு பேசுவது நன்று. மெய்யாகவே சங்கத்தால் விளைந்த நன்மை ஓரணாவாயினும், அதனைத் துணிந்து சொல்லும் தகுதி அப்போதுதான் நமக்கு உண்டாகும்.

சிலர் தடை கூறுவர். “ஐம்பது ஆண்டு ஏர் பிடித்தவன் கண்ணுக்குத் தெரியாதா?” என்பர். உழவரின் கண் பயிரின் வாட்டத்தையும் பூச்சியின் வரவையும் எவரினும் முன்னே காணும். அதனை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒரே வயலில் இரு விதைகள் அருகருகே நில்லாதபோது, அந்தக் கண்ணுக்கும் ஒப்பிட ஒன்றுமில்லை. “பாதி நிலத்தில் விளைச்சல் குறைந்தால் எனக்கு இழப்பாகுமே” என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி. சோதனைத் துண்டில் ஏற்படும் இழப்பைச் சங்கமே ஏற்கும் என்று முன்கூட்டியே தீர்மானம் செய்துவிடலாம். இரு துண்டு நிலத்தின் இழப்பைத் தாங்க மறுக்கும் சங்கம், அனைத்து உறுப்பினர்களும் கடன்பட்டு வாங்கிய விதை பொய்த்தால் எதைக் கொண்டு தாங்கும்? விதை பொய்த்தாலும் கடன் பொய்ப்பதில்லை. தவணையும் வட்டியும் மானாவாரிக்காரர் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இது: வருகின்ற பேரவைக் கூட்டத்தில் எவரேனும் எழுந்து, “இதனால் இது விளைந்தது” என்று கூறும்போது, அவரை மறுக்கவும் வேண்டா, கைதட்டவும் வேண்டா. “ஐயா, வேறு எதெது மாறியிருந்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கிணறுள்ளவர் எத்தனை பேர், மழை எப்போது பெய்தது, நூல் எந்தப் பேல் என்று விசாரியுங்கள். விடை இல்லையெனில், பெருந்தொகைத் தீர்மானத்தை ஒரு பருவம் ஒத்திவைத்து, சோதனைத் துண்டுகளுக்கான சிறு தொகைத் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள்.